மிதிலை மண்ணில் கருங்காய்ச்சல்: மறைந்ததும் மீண்டதும்

கங்கைக்கு வடக்கே இமயத்தின் அடிவாரம் வரை விரிந்து கிடக்கும் சமவெளியைத் தமிழர் நெடுங்காலமாகக் காப்பியங்களின் வழியே அறிவர். சனகன் ஆண்ட மிதிலை நாடு அதுவே. மகாவீரர் தோன்றியதாகப் போற்றப்படும் வைசாலியும், சீதை மண்ணிலிருந்து வெளிப்பட்ட இடம் என்று வழங்கும் சீதாமடியும், 1917 இல் காந்தியடிகள் அவுரி உழவர்க்காக முன்னின்ற சம்பாரணும் அங்கேதான் உள்ளன. ஆறுகள் பல பாய்ந்து வண்டல் படிந்து, நெல்லும் மாவும் லிச்சியும் செழிக்கும் மண். அம்மண்ணுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அரசர் பெயர்கள் அதில் வாரா. ஈரம் கசியும் மண்சுவர்களும் மாட்டுக்கொட்டில்களும், கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு சிறு பூச்சியும், அவற்றின் நடுவே வாழ்ந்த ஏழை மக்களுமே அதில் இடம்பெறுவர்.

1970களின் தொடக்கத்தில் வட பீகாரில் முசாபர்பூர், வைசாலி, சமஸ்திபூர், சீதாமடி ஆகிய நான்கு மாவட்டங்களின் சிற்றூர்களில் ஒருவகைக் காய்ச்சல் தலைகாட்டியது. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீங்காத காய்ச்சல் அது. கைகால்கள் மெலியும், வயிறு மட்டும் பானைபோல் பருக்கும், இடப்பக்க விலாவின் கீழ் மண்ணீரல் வீங்கிக் கல்போல் கைக்குத் தட்டுப்படும், குருதி சுண்டும், தோலில் கருமை ஏறும். மலேரியாவுக்குரிய மாத்திரைகளால் பயன் இல்லை. மருத்துவம் பெறாதவர் ஓராண்டு, ஈராண்டுக்குள் பெரும்பாலும் மாண்டனர். 1977 இல் அது பெருங்கொள்ளையாக மூண்டது. அவ்வாண்டில் பீகாரில் நோயுற்றோர் எழுபதாயிரம் முதல் ஓர் இலட்சம் வரை இருக்கலாம் என்றும், மாண்டோர் சுமார் 4,500 பேர் என்றும் பின்னர் மதிப்பிட்டனர். மருத்துவமனைப் பதிவேடுகளில் ஏறியவர் தொகையோ அதில் ஒரு சிறு பகுதியே.

இது புதிய நோய் அன்று. வங்கத்திலும் அஸ்ஸாமிலும் பீகாரிலும் நூற்றைம்பது ஆண்டுகளாக இலட்சக்கணக்கானோரை வாரிச்சென்ற காலா அசார் என்னும் நோயே அது. காலா என்பது கருமை, அசார் என்பது நோய். தமிழில் கருங்காய்ச்சல் என்பர். 1960களின் நடுவில் அது நாட்டைவிட்டு அகன்றுவிட்டதாகவே பலரும் கருதினர். அகன்ற நோய் ஏன் திரும்பிற்று? இவ்வினாவுக்கு விடை தேட, முதலில் அது அகன்றது எப்படி என்று அறிதல் வேண்டும். அதனை அறிந்துகொள்ளாமையே அது திரும்பியதற்குப் பெருங்காரணம் என்பது என் கருத்து.

நூல்களில் காணப்படும் பழைய தடம் 1824 ஐ ஒட்டியது. இன்று வங்கதேசத்தில் உள்ள ஜெசூர் மாவட்டத்தில் ஒரு கொடுங்காய்ச்சல் பரவி ஊர்களைப் பாழாக்கியது. 1860களில் பர்துவான் மாவட்டத்தை ஒரு காய்ச்சல் பற்றிப் பத்தாண்டுக்கு மேல் அலைக்கழித்தது. பர்துவான் காய்ச்சல் என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. புகைவண்டிப் பாதைக்கும் சாலைக்கும் எழுப்பிய மேடுகள் மழைநீர் வடியும் வழிகளை அடைத்ததால்தான் நோய் வந்தது என்று திகம்பர மித்திரர் என்னும் வங்கப் பெரியவர் வாதிட்டார். அக்காய்ச்சலில் மலேரியாவும் கலந்திருத்தல் கூடும். ஆயினும் அதில் பெரும்பகுதி கருங்காய்ச்சலே என்று பிற்கால மருத்துவர் சிலர் முடிவு செய்தனர்.

பிறகு நோய் கிழக்கு நோக்கி நடந்தது. 1869 ஐ ஒட்டி அஸ்ஸாமின் காரோ மலைப்பகுதியில் அது காணப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சி அம்மலைகளில் கால்கொண்ட காலமும் அதுவே. எனவே அம்மக்கள் அதனைச் 'சர்க்கார் பீமாரி', அதாவது அரசாங்க நோய், என்று அழைத்தனர். துரைமாரின் நோய் என்ற பெயரும் வழங்கிற்று. எழுத்தறியாத மலைமக்கள் இட்ட இப்பெயரில் ஓர் உண்மை இருந்தது. புதிய சாலைகளிலும் ஆற்றுப்படகுகளிலும் ஆட்கள் போய்வரப் போய்வர நோயும் அவ்வழியே நகர்ந்தது. கோல்பாரா, காமரூபம், நவ்காங் எனப் பிரமபுத்திராப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு மாவட்டமாக ஏறிச்சென்றது. 1891 க்கும் 1901 க்கும் இடையில் நவ்காங் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. பஞ்சமோ போரோ இல்லாமல் பத்தே ஆண்டுகளில் ஒரு மாவட்டம் இவ்வாறு வெறிச்சோடியது அரிதான நிகழ்ச்சி.

காரணம் அறியாத அக்காலத்திலும் நவ்காங்கின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நல்ல வேலை நடந்தது. டாட்ஸ் பிரைஸ் என்னும் மருத்துவர், நோய் புகுந்த கூலிக் குடியிருப்புகளைக் கைவிட்டு, நோயற்ற குடும்பங்களைச் சில நூறு கெஜத் தொலைவில் எழுப்பிய புதிய குடில்களில் குடியேற்றினார். புதிய குடில்களில் நோய் தோன்றவில்லை. சில நூறு கெஜம் தள்ளியிருப்பது எப்படி ஒரு கொள்ளைநோயைத் தடுக்கும் என்று அன்று ஒருவராலும் சொல்ல இயலவில்லை. விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

அறிஞர்களோ தடுமாறிக்கொண்டிருந்தனர். 1889-90 இல் ஆராய வந்த கைல்ஸ், நோயாளிகளின் குடலில் கொக்கிப்புழுவைக் கண்டு அதுவே காரணம் என்றார். 1896-97 இல் வந்த லெனார்டு ராஜர்ஸ், இது கடுமை மிகுந்த மலேரியா என்றார். 1897 இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டு புகழ்பெற்ற ரோனால்டு ராஸும் அடுத்து இங்கு வந்து, மலேரியா என்னும் கருத்தின் பக்கமே சாய்ந்தார். ஒரு நோயின் மறைவைக் கண்டறிந்தவர் எல்லாக் காய்ச்சலிலும் அந்நோயையே காண்பது மனித இயல்புதான் போலும்.

இவ்விடத்தில்தான் நம் சென்னை நகரம் இக்கதைக்குள் வருகிறது. டம்டம் பாசறையில் பணியாற்றிக் காய்ச்சலுற்று இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு படைவீரர் 1900 இல் இறந்தார். அவருடைய மண்ணீரலை வில்லியம் லீஷ்மன் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, முட்டை வடிவான நுண்ணிய உருவங்களைக் கண்டார். அவை யாவை என உறுதி தோன்றாமல் மூன்றாண்டுகள் பொறுத்து, 1903 மே மாதம் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் பணியாற்றி வந்தார். கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் ஆசிரியர். நாட்பட்ட மலேரியாவால் இறந்ததாக எழுதப்பட்ட நோயாளிகளின் மண்ணீரலில் அவரும் அதே உருவங்களைக் கண்டார். இறந்த உடல் சிதைவதால் தோன்றிய பொய்யுருவங்களோ அவை என்னும் ஐயத்தைத் தீர்க்க, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி ஒரு துளி எடுத்துப் பார்த்தார். அதிலும் அவை இருந்தன. 1903 சூலையில் அவர் குறிப்பு வெளிவந்தது. யார் முந்தியவர் என்ற பூசல் எழுந்தபோது, ராஸ் இருவர் பெயரையும் இணைத்து அக்கிருமிக்கு லீஷ்மேனியா டோனவனி என்று பெயர் சூட்டினார். டோனவன் 1911 இல் இராயப்பேட்டை மருத்துவமனையின் முதல் கண்காணிப்பாளரானார். உலகெங்கும் மருத்துவ நூல்களில் நின்றுவிட்ட அப்பெயரின் பின்னே பெயர் அறியப்படாத ஒரு சென்னைச் சிறுவன் இருக்கிறான் என்பதை நாம் நினைவில் கொள்ளலாம்.

கிருமி அகப்பட்டது, அது ஒருவரிடமிருந்து மற்றவரிடம் செல்லும் வழி அகப்படவில்லை. சென்னையிலேயே பேட்டன் என்பவர் மூட்டைப்பூச்சியின் வயிற்றில் அக்கிருமி வளர்வதை 1907 இல் காட்டினார். மூட்டைப்பூச்சி இல்லாத ஏழை வீடு ஏது? எல்லாரும் அதனை நம்பினர். பல ஆண்டுகள் அம்முயற்சியில் கழிந்தன. மூட்டைப்பூச்சி கடித்து நோய் தொற்றியதாக மட்டும் எவராலும் காட்டவியலவில்லை.

வழியைத் திறந்தது ஒரு வரைபடம். சின்டன் என்னும் படை மருத்துவர் முதல் உலகப்போரில் விக்டோரியா சிலுவை பெற்ற வீரர். பூச்சிகளை வகைப்படுத்துவதில் வல்லவர். இந்தியாவில் கருங்காய்ச்சல் உள்ள இடங்களையும், மணல் ஈ எனப்படும் சிறு பூச்சியின் ஒரு வகை வாழும் இடங்களையும் 1920களின் நடுவில் அவர் ஒப்பிட்டார். இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தின. அவ்வகைக்கு இலத்தீனில் ஃப்ளெபோட்டோமஸ் அர்ஜென்டிப்பெஸ் என்பது பெயர். பின்சொல்லுக்கு 'வெள்ளிக்கால்' என்று பொருள். கொசுவினும் சிறியது, கொசுவலையின் கண் வழியே நுழைந்துவிடும், பறக்கும்போது ஒலி எழுப்பாது, நெடுந்தொலைவு பறக்காது, தத்தித் தத்தியே செல்லும். சாணமும் ஈரமும் கலந்த மண்ணில் முட்டையிடும். பகலில் சுவர் வெடிப்புகளில் ஒதுங்கும். இரவில் மாட்டையும் மனிதனையும் கடிக்கும். தேயிலைத் தோட்டத்தில் சில நூறு கெஜம் ஏன் போதுமானதாக இருந்தது என்பது இப்போது விளங்கிற்று.

1924 இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகிய மூவரும் இந்த ஈயின் குடலில் கிருமி பெருகுவதைக் கண்டனர். ஆயினும் ஈ கடித்து நோய் பரவுவதைக் காட்ட மேலும் பதினெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. இரத்தம் குடித்த ஈக்கள் இரண்டாம் முறை கடிக்குமுன் இறந்துபோயின. அல்லது கடித்தும் ஒன்றும் நேரவில்லை. இறுதியில் ஸ்மித், இரத்தம் குடித்த ஈக்களுக்கு உலர்ந்த திராட்சையை உணவாக வைத்தார். பழச்சாறு உண்ட ஈக்களில் கிருமி தொண்டையை அடைக்கும் அளவுக்குப் பெருகியது. அம்முறையைப் பின்பற்றிச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் அஸ்ஸாமில் தாமே முன்வந்த ஐந்து பேரை ஈக்களால் கடிக்கச் செய்து நோய் தொற்றுவதை 1942 இல் மெய்ப்பித்தனர். ஒரு கைப்பிடி திராட்சையில் முடிந்த தேடல் அது.

மருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. உபேந்திரநாத் பிரமச்சாரி கல்கத்தாக் காம்பெல் மருத்துவமனையில், மின்விளக்கோ எரிவாயுவோ குழாய்நீரோ இல்லாத ஒரு சிற்றறையில் உழைத்து, 1920 இல் யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை ஆக்கினார். பழங்காலத்தில் கண்மைக்குப் பயன்பட்ட அஞ்சனக்கல்லில் உள்ள ஆண்டிமனி என்னும் தனிமமே அதன் உயிர். மருத்துவம் இல்லையேல் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மாண்ட நோயில், அம்மருந்து பெரும்பாலோரைப் பிழைக்க வைத்தது. அவரே 1922 இல் மற்றொன்றையும் எழுதிவைத்தார். நோய் நீங்கி நலமானவருள் சிலருக்கு, பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, முகத்திலும் உடலிலும் வெளிறிய தேமல்களும் தடிப்புகளும் தோன்றுகின்றன; அவற்றில் அதே கிருமி வாழ்கிறது. மருந்தினால் வந்த புகழில் இக்குறிப்பு அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. அதன் பொருளை உணர அரை நூற்றாண்டு சென்றது.

இனி, நோய் மறைந்த கதை. விடுதலை பெற்ற காலத்தில் நாட்டின் முதற்பகை மலேரியா. ஆண்டுதோறும் ஏழரைக் கோடிப் பேர் அதனால் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. 1953 இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. 1958 இல் அதுவே ஒழிப்புத் திட்டமாயிற்று. டி.டி.டி. மருந்தை நீரில் கலந்து வீடுவீடாகச் சுவர்களில் தெளித்தனர். பெட்டியும் பாயும் வெளியே எடுத்துவைத்துவிட்டுத் தெளிப்பவருக்காகக் காத்திருந்த நாள்கள் முதியோர் பலர்க்கும் நினைவிருக்கும். 1965 இல் மலேரியா ஓர் இலட்சம் பேரளவுக்கு இறங்கியது. கொசுவைக் குறிவைத்த அம்மருந்து, அதே சுவரில் ஒதுங்கிய வெள்ளிக்கால் ஈயையும் கொன்றது. கொசுவாவது வெளியே குட்டைகளில் பிழைக்கலாம். வீட்டுச் சுவரையும் கொட்டிலையும் விட்டகலாத மணல் ஈக்குத் தப்பும் இடமே இல்லை. எனவே மலேரியா குறைந்ததைவிட விரைவாகவும் முழுமையாகவும் கருங்காய்ச்சல் மறைந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இந்த வெற்றியை எவரும் திட்டமிடவில்லை. எனவே எவரும் அதனைக் கணக்கிலும் வைக்கவில்லை. மலேரியாவுக்கு இரத்தம் எடுக்கும் பணியாளர் இருந்தனர், மாதாந்தர அறிக்கை இருந்தது, அறிக்கையைப் படிக்க அதிகாரி இருந்தார். கருங்காய்ச்சலுக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. ஒரு மாவட்டத்தில் மலேரியா ஒழிந்தது என்று முடிவான உடனே தெளிப்பு நிறுத்தப்பட்டது. அத்தெளிப்பு இன்னொரு நோயையும் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று எடுத்துச் சொல்ல ஒரு துறையும் இல்லை. பொருட்பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ள, பல இடங்களில் தெளிப்பு பெயரளவுக்கே நடந்தது. மலேரியாவே 1976 இல் 64 இலட்சத்தைத் தாண்டி மீண்டது. அது நாடறிந்த செய்தி. நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது. அதன் நிழலில் வட பீகாரில் மற்றொன்று மீண்டதை உணர மேலும் காலம் பிடித்தது.

ஈக்கள் திரும்பியதில் வியப்பில்லை. கிருமி எங்கிருந்து வந்தது? நடுநிலக்கடல் நாடுகளில் இந்நோய்க் குடும்பத்தின் கிருமி நாய்களிடம் வாழ்கிறது. இந்தியாவில் அதற்கு மனிதனையன்றிப் புகலிடம் இல்லை. நோயாளிகளே இல்லாத ஆண்டுகளில் அது எங்கே ஒளிந்திருந்தது? பிரமச்சாரி எழுதிவைத்த அந்தத் தோல்தடிப்பு இப்போது நினைவுக்கு வந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வேலைக்கும் இடையூறு இல்லை. முகத்தில் சில தேமல்கள் மட்டும். தொழுநோய் என்று பிறர் ஒதுக்குவரோ என அஞ்சி மறைப்பவரும் உண்டு. அத்தகைய ஒருவர் பத்தாண்டு, இருபதாண்டு கூடக் கிருமியைத் தோலில் சுமந்து ஊர் நடுவே வாழக்கூடும். மேற்கு வங்கத்தில் இருபத்துநான்கு பர்கானாப் பகுதியில் பின்னர் எழுந்த பரவலை ஆராய்ந்தோர், அத்தகைய தோல்நோயாளி ஒருவரிடமிருந்தே அது தொடங்கியதோ என்னும் வினாவை எழுப்பினர். இத்தகையோரைக் கடித்த ஈக்கள் கிருமியேற்பது அண்மைக்கால ஆய்வுகளில் நேரடியாகவே காட்டப்பட்டுள்ளது.

1977 க்குப் பின் பீகாரில் டி.டி.டி. மீண்டும் தெளிக்கப்பட்டது. நோய் தணிந்தது. தணிந்ததும் தெளிப்பும் தளர்ந்தது. 1980களில் மீண்டும் ஏறத் தொடங்கி, 1992 இல் 77 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 1,400 பேருக்கு மேல் மாண்டனர். மறுபடி தெளித்தனர், மறுபடி இறங்கிற்று. 2007 இல் மீண்டும் 44 ஆயிரத்தைத் தாண்டியது. 1977, 1992, 2007 என மூன்று உச்சங்களுக்கும் இடையே சரியாகப் பதினைந்து ஆண்டுகள். பழைய அஸ்ஸாம் வரலாற்றிலும் ஏறத்தாழ இத்தகைய ஏற்றத்தாழ்வு தெரிகிறது. நோயிலிருந்து பிழைத்தவர்க்கு எதிர்ப்பாற்றல் நிலைப்பதால், எதிர்ப்பாற்றல் இல்லாத புதிய தலைமுறை வளரும்வரை நோய் காத்திருக்கிறது என்பர் ஒருசாரார். அதில் உண்மை உண்டு. ஆனால் ஒவ்வோர் இறக்கத்தின் முன்னும் தெளிப்புக் குழு ஊருக்குள் வந்ததும், ஒவ்வோர் ஏற்றத்தின் முன்னும் அது வாராமல் நின்றதும் வெறும் தற்செயல் என்று கொள்ள என் மனம் இடந்தரவில்லை.

நோய் பீகாரோடு நிற்கவில்லை. வங்கத்தின் மால்டா முதலிய மாவட்டங்களுக்குள் புகுந்தது. மலேரியாத் தெளிப்பு ஓய்ந்த நேபாளத்தின் தராய்ப் பகுதியிலும், வங்கதேசத்தின் மைமன்சிங் வட்டாரத்திலும் பரவியது. பிழைப்புத் தேடிப் புறப்பட்ட உழைப்பாளிகளோடு தில்லிக்கும் பிற நகரங்களுக்கும் வந்தது. தில்லி மருத்துவமனைகளில் கண்டறியப்படும் கருங்காய்ச்சல் நோயாளர் பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்தோரே. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் இதனைச் சற்று அருகிருந்து பார்க்கக் கூடியவர்கள். நம் குடியிருப்புகளைக் கட்டும் கொத்தனாரும் சுமை தூக்குபவரும் வாரக்கணக்கில் நீங்காத காய்ச்சலோடு இருந்தால், மருத்துவர் கேட்க வேண்டிய முதல் வினா 'உன் சொந்த ஊர் எது?' என்பதே. பலர் அவ்வினாவைக் கேட்பதில்லை. மலேரியா என்றும் டைபாயிடு என்றும் மருந்து மாற்றி மாற்றித் தந்து, கையிலிருந்த காசு தீர்ந்தபின் ஊருக்கு அனுப்பப்பட்டோர் எத்தனையோ பேர்.

காசு என்னும்போது, இந்நோய் யாரைப் பற்றியது என்பதையும் சொல்லியாக வேண்டும். வட பீகாரில் நிலமற்ற முசஹர் என்னும் சாதியார் அதில் மிகுதியாக வாடினர். ஊரின் தாழ்ந்த ஓரத்தில், ஈர மண்சுவர் வீட்டில், ஆடுமாடுகளை ஒட்டியே படுத்துறங்குவோர். ஒருவருக்கு நோய் வந்தால் நாட்கூலி நிற்கும்; ஆடு விற்கப்படும்; வட்டிக்குக் கடன் ஏறும்; பிழைத்தெழுந்தபோது அடுத்தவருக்குக் காய்ச்சல் கண்டிருக்கும்.

பழைய மருந்தும் கைகொடுக்கவில்லை. பிரமச்சாரியின் மருந்துக்குப் பின் வந்த ஆண்டிமனி ஊசியை 1970களில் சில நாள்கள் போட்டாலே போதுமாயிருந்தது. பிறகு அளவு கூட்டப்பட்டது, நாள்களும் கூடின. முறையான பயிற்சி இல்லாதார் அரைகுறை அளவில் ஊசி போடுவதும், காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் நோயாளி நிறுத்திவிடுவதும் கிருமிக்கு வாய்ப்பாயின. 1990களின் இறுதியில் முசாபர்பூர்ப் பகுதியில் அம்மருந்தால் மூவரில் ஒருவரே குணமடைந்தார். அண்டையிலுள்ள உத்தரப் பிரதேசத்தில் அதே மருந்து நன்றாக வேலை செய்தது என்பது குறிப்பிடத்தக்கது. மாற்றாக வந்த பென்டமிடின் சிலர்க்கு நீரிழிவையே உண்டாக்கியது. புற்றுநோய்க்கென ஆராயப்பட்ட மில்டெஃபோசின் 2002 இல் இந்தியாவில் வாய்வழி மருந்தாக ஒப்புதல் பெற்றது, இருபத்தெட்டு நாள் விடாது உண்ண வேண்டும், கருவுற்றோர்க்கு ஆகாது. பாட்னாவில் இராசேந்திர பிரசாத் நினைவாக நெஞ்சுநோய்க்கென நிறுவப்பட்ட ஆய்வு நிலையமே காலப்போக்கில் கருங்காய்ச்சல் ஆய்வுக்குத் தலைமையிடமாயிற்று. பாட்னாவில் இந்நோய்க்கு மருத்துவம் செய்து பெயர்பெற்ற சி. பி. தாக்கூர் பின்னாளில் நடுவண் அரசின் சுகாதார அமைச்சருமானார். கொழுப்புத் துகள்களில் பொதிந்த ஆம்போடெரிசின் மருந்தை ஒரே ஒரு முறை நரம்புவழிச் செலுத்தினால் நூற்றில் 95 பேர் குணமடைவர் என்று சியாம் சுந்தர் குழுவினர் 2010 இல் காட்டினர். மாதக்கணக்கில் நீண்ட மருத்துவம் ஒரு பகற்பொழுதாகச் சுருங்கியது. 2014 முதல் அரசுத் திட்டத்தில் அதுவே முதல் மருந்து.

2005 இல் இந்தியா, நேபாளம், வங்கதேசம் மூன்றும் கூடி 2015 க்குள் இந்நோயை ஒழிப்பதென உடன்பட்டன. ஒழித்தல் என்பதற்கு அவர்கள் வைத்த வரம்பு, ஒவ்வொரு வட்டாரத்திலும் பத்தாயிரம் பேருக்கு ஆண்டில் ஒருவருக்கும் குறைவாக நோய் காணுதல். காலக்கெடு தவறியது, நீட்டப்பட்டது, மீண்டும் தவறியது. தவறியதற்கான காரணங்களுள் ஒன்று 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெரியவந்தது. பீகாரின் மணல் ஈக்களுக்கு டி.டி.டி. பழகிப்போயிருந்தது. அதோடு, தெளிக்கப்பட்டதாக எழுதப்பட்ட வீட்டுச் சுவர்களில் உண்மையாகவே படிந்திருந்த மருந்தை அளந்தபோது, பெரும்பாலானவற்றில் உரிய அளவில் சிறு பங்கே இருந்தது. பதிவேட்டில் முழுமையாகவும் சுவரில் அரைகுறையாகவும் இருந்த தெளிப்பு அது. அதன்பின் டி.டி.டி. கைவிடப்பட்டு வேறு மருந்தும் வேறு பம்புகளும் வந்தன.

2023 இல் வங்கதேசம் கருங்காய்ச்சலைப் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீக்கிய முதல் நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. அவ்வாண்டில் இந்தியா முழுவதிலும் நோயுற்றோர் ஆயிரத்துக்கும் குறைவு. வரம்பைத் தாண்டி நின்ற கடைசி வட்டாரம் சார்க்கண்டில் பாகூர் மாவட்டத்து லிட்டிப்பாரா. மலைப்பாங்கான, பழங்குடியினர் மிகுந்த பகுதி. 2023 இறுதிக்குள் அதுவும் வரம்புக்குள் வந்தது. எனினும் மூன்றாண்டுகள் தொடர்ந்து அந்நிலையைக் காத்தால்தான் சான்று கிடைக்கும்.

பதிவேட்டில் நோயாளர் எண்ணிக்கை மிகச் சிறிதாகிவிட்ட இக்காலத்திலும் வட பீகாரின் ஊர்களில் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணிப்பெண்கள் வீடுவீடாகச் சென்றுகொண்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் கடந்த காய்ச்சல் யாருக்கேனும் உண்டா என்று கேட்கிறார்கள். முன்பு கருங்காய்ச்சல் வந்து குணமானவர் இவ்வீட்டில் உள்ளாரா என்றும் கேட்கிறார்கள். உண்டு என்றால் அவரை வெளிச்சத்துக்கு அழைத்து வந்து, முகத்திலும் முதுகிலும் வெளிறிய தேமல் ஏதும் தென்படுகிறதா என்று பார்க்கிறார்கள். பிரமச்சாரி 1922 இல் குறித்துவைத்த அதே தேமல்.